ஜம்புலிங்கத்தின் பத்து நாள் லீவு

போர்ட் பிளேரில் அந்தக் காலத்தில் லீவு என்றால் மெயின்லேண்டுக்குப் போவதுதான். கப்பலில் மூன்று நான்கு நாள் வாந்தியெடுத்து, ஊரில் நாலு கல்யாணத்துக்கும் இரண்டு கருமாதிக்கும் தலையைக் காட்டிவிட்டு, மறுபடியும் வாந்தியெடுத்துக்கொண்டே திரும்புவதற்குப் பெயர் ஓய்வு. 1967-ல் இந்த வழக்கத்தை மீறப் பார்த்தவர் எங்கள் மரக்கிடங்கு ஆபீஸ் கிளார்க் ஜம்புலிங்கம். திருச்செந்தூர் பக்கத்துக்காரர். யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுகிற மனிதர்.

காரணம் அவர் மனைவி சந்திரமதி. முந்தைய வருடம் பிறந்த பெண்குழந்தை பத்தொன்பது நாள் இருந்து, காய்ச்சலில் போய்விட்டது. அதற்குப் பிறகு சமைப்பாள், துவைப்பாள், கேட்டால் பதில் சொல்வாள், அவ்வளவுதான். ஊருக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, "உங்க அம்மா முன்னால போய் நிக்க எனக்குத் தெம்பு இல்ல. யாரும் எதுவும் கேக்காத இடமா எங்கயாவது கூட்டிட்டுப் போங்க" என்றிருக்கிறாள்.

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார் மனிதர். ஹேவ்லாக் தீவில் வனத்துறைக்கு ஒரு பங்களா இருந்தது. அங்கிருந்த வங்காளி ரேஞ்சருக்குக் கடிதம் போட்டு, பத்து நாளைக்கு அறை கேட்டு வாங்கினார். ஆபீஸ் தாள்களின் பின்பக்கத்தில் திட்டம் எழுதி எழுதி என்னிடம் காட்டுவார். இத்தனை படி அரிசி, மண்ணெண்ணெய் அடுப்பு, கொசுவலை. "காலைல எந்திரிச்சதும் அவ அடுப்புப் பக்கமே போகக்கூடாது. காப்பி நான்தான் போடுவேன். அவ மணல்ல உக்காந்து கடலப் பாக்கட்டும்." சந்திரமதியும் ஒன்று சேர்க்கச் சொன்னாளாம்: நார்த்தங்காய் ஊறுகாய். ஒரு வருடத்தில் அவள் தானாக வாய்திறந்து சொன்னது அதுதான். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

லீவு போட்ட செய்தி பரவியது. ஓய்வெடுக்க ஹேவ்லாக் போகிறேன் என்றால் சிரிப்பார்களே என்று அவர் என்னைத் தவிர யாரிடமும் மூச்சுவிடவில்லை. எங்கள் ஊரிலோ கப்பலேறுகிறவன் வெறுங்கையோடு ஏற முடியாது. அக்கம்பக்கத்துப் பொட்டலமெல்லாம் அவன் தலையில்தான். ஒருவர் சிப்பி மாலை கொண்டுவந்தார். அடுத்தவர் மரப்பெட்டி. உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஜம்புலிங்கமோ "வச்சிட்டுப் போங்க" என்று வாங்கி வாங்கி அடுக்கினார். எனக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் நானும் என் தங்கைக்கு ஒரு பொட்டலம் கொடுத்தேன், கப்பலேறும் வேறு யாரிடமாவது சேர்ப்பித்துவிடுவார் என்று. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு எரிச்சல் வருகிறது.

கடைசியில் பக்கத்து வீட்டுத் தச்சர் அல்போன்ஸ் வந்தார். கூடவே ஏழு மாத வயிற்றோடு அவர் மனைவி சிசிலியா. நான் அப்போது அங்கேதான் இருந்தேன்.

"அண்ணாச்சி, இவள வேம்பார்ல அவ ஆத்தா வீட்டுல விட்டுருங்க. எனக்கு லீவு மிலேகா நஹீ, கெடைக்காதுன்னுட்டான் ஆபீசர். மதினி கூட இருந்தா மூணு நாலு நாள் ஜஹாஜ்ல போறதுக்கு எனக்குப் பயமில்ல. டிக்கெட்டெல்லாம் நானே எடுத்துத் தாரேன்."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். "அதுக்கென்ன அல்போன்சு, பக்கா" என்றார் ஜம்புலிங்கம்.

உள்ளேயிருந்து சந்திரமதி வந்தாள். கணவனைப் பார்க்கவில்லை. சிசிலியாவின் வயிற்றைப் பார்த்தாள். "உக்காரும்மா" என்று முக்காலியை இழுத்துப் போட்டாள். பிறகு, தீவுக்கென்று கட்டிவைத்திருந்த சாக்குகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து அரிசியைப் பானையில் கொட்டினாள்.

பத்து நாள் லீவை ஒரு மாதமாக நீட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். கப்பலில் சிசிலியாவுக்கு விசிறியதும் வாளி பிடித்ததும் சந்திரமதிதான். ஊரில் எதற்குப் பயந்தாளோ அது நடந்தது. கல்யாணப் பந்தியில் நாலு பேர் முன்னால் மாமியார் சொன்னாளாம்: "பெத்த பிள்ளையத் தீவுக் காத்துக்கு வாரிக் குடுத்துட்டு வந்து நிக்கா." ஜம்புலிங்கம் இலையிலிருந்து தலையைத் தூக்காமல் ரசம் கேட்டிருக்கிறார். பிறகு அவரே என்னிடம் சொன்னார். "வாய் வரலப்பா" என்று அழுதார். எனக்குப் பரிதாபம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

திரும்பி வந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அல்போன்ஸ் ஆபீசுக்கு ஓடிவந்தார். "அண்ணாச்சி, மதினி பெட்டியோட ஜெட்டிக்குப் போறாவ!"

நானும் ஜம்புலிங்கமும் படகுத்துறைக்கு ஓடினோம். ஹேவ்லாக் போகிற படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். வங்காளிக் குடும்பங்களுக்கும் கோழிக்கூடைகளுக்கும் நடுவில் சந்திரமதி தனியாக நின்றாள்.

"சந்திரா! நில்லு, நானும் வாரேன்!"

படகோட்டி அவளைத் திரும்பிப் பார்த்தான். "ரோக் தூன், தீதி?" நிறுத்தட்டுமா அக்கா என்று கேட்டான்.

அவள் கணவனை நன்றாகப் பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நஹீ" என்றாள். "சலோ." படகு கிளம்பியது.