மேலே திறக்கும் கதவு

டிம்ப்னா ஹாக்கெட்டின் வீட்டில் சோபா மனிதர்களுக்கு இல்லை. வருகிறவர்கள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துதான் டீ குடிக்க வேண்டும். அவள் கணவன் மலாக்கி ஆயுசு பூராவும் பஸ் ஓட்டி முதுகு ஒடிந்தவன். அவனுக்கும் அதே நாற்காலிதான். "நான் இங்க குடியிருக்கேன், அவ்வளவுதான். வீடு அதுங்களோடது" என்பான்.

அதுங்கள் என்றால் ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட் நாய்கள்.

அயர்லாந்தில், குளோன்மெல்லுக்கு வெளியே அவர்கள் இருந்த பக்கத்தில், பாதிப் பேர் வீட்டுக் கொல்லையில் பந்தய நாய் உண்டு. டிம்ப்னா பகலில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்தாள். வெள்ளிக்கிழமை மாலைகளில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு பந்தயத் திடலுக்குப் போவாள். நாய்களை நடத்திக்கொண்டு போய், ஓட்டம் தொடங்கும் பெட்டிகளுக்குள் தள்ளிப் பின்கதவை மூடுவது அவள் வேலை. நாய்கள் துரத்துவதற்காக மோட்டாரில் ஓடும் பொய் முயல் இரைந்துகொண்டு கடக்கும். பெட்டிகளின் முன்கதவு மேலே எழும். ஓட்டம் முடிந்ததும் பாய்ந்து கழுத்துப்பட்டையைப் பிடிக்க வேண்டும். அதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள். யாரும் மறுத்ததில்லை.

இரண்டு பருவம் அவள் கூட்டிப்போன நாய் ஒன்று ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. எங்கே என்று கேட்டாள். அதன் சொந்தக்காரன் பேச்சை மாற்றி மழையைப் பற்றிப் பேசினான். அன்றைக்கே வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள்.

இந்த நாய்களுக்கு வீடு தேடித்தரும் சங்கம் ஒன்று இருந்தது. வீடு கிடைக்கும்வரை நாயை வைத்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. டிம்ப்னா முன்வந்தாள். வைத்துக்கொள்வது என்றால் சோறு போடுவது மட்டும் இல்லை. கொட்டிலில் பிறந்து திடலில் வளர்ந்த நாய்க்குப் படிக்கட்டு தெரியாது. கண்ணாடிக் கதவு தெரியாது. நேராகப் போய் முட்டிக்கொள்ளும். டிம்ப்னா மண்டி போட்டு, ஒவ்வொரு பாதமாகத் தூக்கி அடுத்த படியில் வைத்து மாடி ஏறக் கற்றுக்கொடுத்தாள். தேறிய நாய்கள் வேனில் ஏறி, கப்பல் ஏறி, பெரும்பாலும் இத்தாலிக்குப் போயின. அங்கிருந்து படங்கள் வந்தன. குளிருக்குக் கம்பளிப் பைஜாமா போட்ட நாய்கள். சமையலறைச் சுவர் நிரம்பிவிட்டது. ஒன்றைக்கூட அவள் தொலைத்ததில்லை.

நாய் வளர்ப்பவர்கள் அவளைச் சீண்டினார்கள். முதல் ஆள் ஃபின்டன் டூஹி. பள்ளிக்கூட நாளிலிருந்து தெரிந்தவன். கடையில் பார்த்தால் விடமாட்டான்.

"என்ன டிம்ப்னா, ஒன் மாப்பிள்ளைங்களுக்கு இன்னிக்கு என்ன சமையல்?"

"உன் வீட்ல உனக்குக் கெடைக்காத சமையல்தான்."

சிரிப்பார்கள். ஆனால் அந்த ஊரில் யாரும் தங்கள் நாயை அவளிடம் கொடுத்ததில்லை. அவள் தங்களைப் பற்றிப் பேசுவாள் என்று நினைத்தார்கள். வந்ததெல்லாம் வெளியூர் நாய்கள். உள்ளூர் நாய்கள் என்ன ஆயின என்று கேட்டால் இன்னும் மழையைப் பற்றித்தான் பேசினார்கள்.

அப்படியிருக்க, ஒரு செப்டம்பரில் ஃபின்டனே வந்து நின்றான். அவன் பிடித்திருந்த வாரில் குயீனி. கோப்பைகள் வாங்கிய நாய். பின்னங்கால் மூட்டு வீங்கியிருந்தது.

"இனி ஓட மாட்டா. நீ வச்சுக்கிறியா?" அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒண்ணு சொல்லிடறேன். பைஜாமா மட்டும் போட்டுடாதே. ஜெயிச்ச நாய்."

ஊரில் நாய் வளர்க்கும் மற்றவர்கள் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். குயீனி நன்றாக இருந்தால் அடுத்தவனும் வருவான். இல்லையென்றால் இனி யாரும் வரமாட்டார்கள். இருவருக்கும் அது தெரியும்.

குயீனிக்கு வழவழப்பான தரை பயம். அதனால் கராஜில் மெத்தை போட்டுக் கொடுத்தாள். அந்த வாரக் கடைசியில் கடைக்குப் போய்த் திரும்பியவள், காரில் இருந்தபடி, பழக்கத்தில் ரிமோட்டை அழுத்தினாள். மோட்டார் இரைந்தது. கராஜ் கதவு மேலே எழும்பியது.

அடியில் ஒரு மூக்கு தெரிந்தது. பந்தயப் பெட்டிக்குப் பின்னால் நின்று வாலைப் பார்த்தே பழகியவள் அவள். முன்னால் இருந்து மூக்கைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

குயீனி காரைத் தாண்டி, வேலியைத் தாண்டி, அறுத்துக் கிடந்த பார்லி வயலில் போய்க்கொண்டிருந்தாள். வயலுக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலை.

மலாக்கி முதுகைப் பிடித்தபடி வெளியே வந்தான். "கூப்பிடு, கூப்பிடு!"

"கையக் காட்டினா நிக்கிறதுக்கு அது உன் பஸ்ஸா?"

"ஃபின்டனுக்கு இப்பச் சொல்லாதே. ஊரையே கூட்டிடுவான்."

"கூட்டட்டும்" என்று காரைத் திருப்பினாள்.

ஃபின்டன் தன் வீட்டு வாசலில் நின்று முழுதும் கேட்டான். "கராஜ் கதவு எப்படித் தெறக்கும்?"

"மேலே."

தொப்பியைக் கழற்றினான். மறுபடி வைத்துக்கொண்டான். "அத்தனை வருஷம் பெட்டிகிட்ட நின்னவ. நீயா?"

"நான்தான். திட்டுறதுன்னா வண்டியில ஏறித் திட்டு."

அவன் கொட்டகைக்குள் போய் ஒரு பழைய சைக்கிளைத் தூக்கி வந்தான். டயர் இல்லாத பின்சக்கரத்தில் நீளக் கயிறு சுற்றியிருந்தது. கயிற்றின் நுனியில் முயல் தோல். குட்டிகளுக்கு ஓட்டம் பழக்க வைத்திருந்தது.

குயீனி வயலின் கோடியில், சாலையோரக் கம்பிவேலிக்கு அருகில் நின்றிருந்தாள். ஒரு காலைத் தூக்கியிருந்தாள். பின்னால் லாரிகள் போயின. ஃபின்டன் வயலின் இந்தக் கோடியில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினான். டிம்ப்னா முயல் தோலை இழுத்துக்கொண்டு, நாயைப் பார்க்காமல், பாதி வயல் நடந்து அதைப் போட்டுவிட்டு, திரும்பி வந்து சைக்கிளருகே குனிந்துகொண்டாள். ஃபின்டன் மிதியைக் கையால் சுற்றினான். தோல் தாளடிகளுக்குள் துள்ளியது.

குயீனியின் காதுகள் எழுந்தன.

"மெதுவா சுத்து. கால் போயிடும்."

"எனக்குத் தெரியாதா? என் நாய்."

"இப்ப என் நாய்."

அவன் மெதுவாகச் சுற்றினான். தோல் எப்போதும் மூக்குக்குச் சற்று முன்னால், அவசரமில்லாமல் வந்தது. நாயும் நொண்டி ஓட்டமாகவே வந்தது. சைக்கிளை நெருங்கியபோது டிம்ப்னா பாய்ந்தாள். சேற்றில் நீளமாக விழுந்தாள். முகம் தெரியவில்லை.

"விட்டுட்டியா?"

"நான் எப்பவாவது விட்டிருக்கேனா?" கழுத்துப்பட்டை அவள் கையில் இருந்தது.

ஃபின்டன் யோசித்தான். "கராஜைத் தவிர, இல்ல."

குயீனியின் பின்னங்காலை விரல் விரலாகத் தடவிப் பார்த்தான். உடையவில்லை.

அன்று மாலை மதுக்கடையில் ஊரைக் கூட்டத்தான் செய்தான். டிம்ப்னா விழுந்த விதத்தை எழுந்து நின்று நடித்துக் காட்டினானாம். அந்த வயதில் அப்படிப் பாயத் திடலில் இன்று ஒருத்தருக்கும் தைரியம் இல்லை என்றானாம். தொலைத்ததைத் தானே வந்து சொன்னாள் என்றும் சொன்னானாம். மலாக்கி வந்து சொன்னபோது அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

கிறிஸ்துமஸுக்கு முன் குயீனி இத்தாலி போனாள். படம் வந்தது. சிவப்புப் பைஜாமா. டிம்ப்னா அதை ஒளிக்காமல் ஃபின்டனிடம் நீட்டினாள். அவன் வெகுநேரம் பார்த்தான்.

"ஒண்ணாம் பெட்டியிலேர்ந்து ஓடுறப்பவும் சட்டை செவப்புதான்" என்றான். "அவளுக்கு எடுப்பா இருக்கும்." படத்தைத் திருப்பித் தரவில்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அவன் டிரெய்லர் வந்து நின்றது. அதன் மேலே இரண்டு மரக்கதவுகள் கட்டப்பட்டிருந்தன. உள்ளே இரண்டு நாய்கள். ஒன்று அவனுடையது. இன்னொன்று பக்கத்துத் தெரு ஹெஃபர்னனுடையது.

"நீ வச்சுக்குவியான்னு அவன் கேக்கச் சொன்னான். நேர்ல வர வெக்கமாம்" என்றான் ஃபின்டன். "கதவை அந்தப் பக்கம் பிடி."

மத்தியானத்துக்குள் கராஜின் பழைய கதவு புல்லில் கிடந்தது. டிம்ப்னா புதுக் கதவைப் பிடித்து இழுத்தாள். மேலே எழும்பாமல் பக்கவாட்டில் திறந்தது. டிரெய்லரிலிருந்து இரண்டு நாய்களும் பார்த்தன. ஒன்றும் எழுந்திருக்கவில்லை. அவள் மூடிவிட்டு, இன்னொரு தடவை திறந்து காட்டினாள்.