சந்தனப் பொட்டு வைத்த லேப்டாப்

எங்கள் டீம் லீடரின் லேப்டாப் மூடியில் சந்தனப் பொட்டு, அதன் நடுவே குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்ததை அடுத்த ஆயுத பூஜை வரை துடைக்க மாட்டார். காலையில் வந்ததும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், உரக்கடை மாடியில் இருந்த எங்கள் ஆபீஸில் அந்த ஒன்றில் மட்டும்தான் சாஃப்ட்வேரை பில்ட் செய்ய, அதாவது எழுதியதை ஓடுகிற புரோகிராமாக மாற்ற முடியும். அதை அவர் குறை என்று நினைக்கவில்லை. கைராசி என்று நினைத்தார்.

கைராசியாவது மண்ணாவது, வெறும் சோம்பேறித்தனம். பில்ட் ஸ்கிரிப்டின் முதல் வரியில், கட்டளைகளை வாசித்து ஓட்ட சாதாரண ஷெல் போதும் என்று எழுதியிருந்தார். உள்ளே முழுக்க பாஷ் என்ற ஷெல்லுக்கு மட்டுமே புரிகிற சங்கதி. அவர் லேப்டாப்பில் இரண்டும் ஒன்றுதான் என்பதால் ஓடியது. மற்ற கம்ப்யூட்டர்களில் சாதாரண ஷெல் வேறு ஆள். கேள்வி வரும் இடங்களில் அவர் போட்ட இரட்டைச் சதுர அடைப்பு அதற்கு விளங்காது. நான் ஒருமுறை எங்கும் ஓடும்படி திருத்திக் கொடுத்தேன். "நேத்து காலேஜ் முடிச்சிட்டு எனக்கே பாடம் எடுக்கிறியா? என் மெஷின்ல ஓடுது இல்ல?" என்று அழித்துவிட்டார்.

கல்வராயன் மலையில் கடுக்காயும் சாமையும் வாங்கும் ஒரு சங்கத்துக்கு எடை சாஃப்ட்வேர் செய்தோம். அவர்கள் கம்ப்யூட்டரிலேயே பில்ட் செய்ய வேண்டும். எனக்கு சீனியரான அக்காவை அனுப்பினார். "கொள்முதல் அன்னிக்கு ஓடலன்னா ஆபீஸ் பக்கமே வராதம்மா" என்று சொல்லித்தான் அனுப்பினார். மணலூர்பேட்டையில் அக்காவின் வீடு அவர் சம்பளத்தில்தான் நடக்கிறது என்று தெரிந்தே சொன்ன பேச்சு அது.

கொள்முதல் நாளில் மலைமேல் வெள்ளிமலையிலிருந்து லீடருக்கு அக்காவின் போன். அடைப்பு புரியாத ஷெல், 'தராசு இருக்கிறதா' என்ற கேள்விக்குத் தானாகவே இல்லை என்று முடிவுகட்டி, தராசுப் பகுதியை விட்டுவிட்டு, கடைசியில் 'பில்ட் வெற்றி' என்று வேறு காட்டியிருக்கிறது. மூட்டையை வைத்தால் திரையில் பூஜ்யம்.

"சார், மூட்டயோட ஜனம் நின்னுக்கினு இருக்குதுங்க."

"நீ இன்னாத்தயாவது தொட்டிருப்ப. இரு, நானே லேப்டாப்ப எடுத்துக்கினு வர்றேன்."

நாலு வரி மாற்ற வக்கில்லாத மனிதர், லேப்டாப்பை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மலை பஸ் ஏறப் போனார்.

அவர் படி இறங்கியதும் அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, ரெட்டை அடைப்ப எடுத்துட்டு ஒத்தையா போடுங்க. சமக்குறி ரெண்டு இருந்தா ஒண்ணாக்குங்க."

"இவ்ளோதானாடா?"

"இவ்ளோதாங்க்கா. இதுக்குத்தான் அந்தாளு மலை ஏறி வர்றாரு."

அவர் போய்ச் சேர்ந்தபோது பாதி மூட்டைகள் எடை போட்டாகிவிட்டது. பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேஜையில் வைத்தாராம். திறக்கக்கூட இல்லை. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பாத்தியாம்மா, மெஷின் மலை ஏறுனதும் எல்லாம் சரியாயிடுச்சி" என்றாராம்.

மறுநாள் அக்கா திருத்திக் கொண்டுவந்ததை அழித்து, ஆபீஸில் பழைய ஸ்கிரிப்டையே திரும்ப வைத்தார். ஒரிஜினல் கெடக் கூடாதாம். அந்த வாரமே அக்கா வேலையை விட்டார். கொஞ்ச நாளில் சங்கமும் அக்காவைத் தேடிப் போனது.

இந்த ஆயுத பூஜைக்கு, கச்சிராயபாளையத்தில் அக்கா நடத்தும் ஒற்றை அறை ஆபீஸுக்குப் போனேன். பொரிகடலை கொடுத்தார். லீடரின் ஸ்டேட்டஸில் அதே லேப்டாப், புதுப் பொட்டோடு. அக்காவிடம் காட்டினேன். அக்காவின் கம்ப்யூட்டர் மொட்டையாக இருந்தது.

"உங்களுதுக்குப் பொட்டு வெக்கலயாக்கா?"

"அது எதுக்குடா? இது செத்தா பக்கத்துல இருக்கிறதுல ஓட்டிக்கினு போறேன்."