தொப்புளுக்குக் கீழே ஒரு வெட்டு

“…நானும் அதே எடத்துலதான்டி வெட்டு வாங்குனவ, எனக்கே கத சொல்ல வர்றியா?” என்று கேட்டுக்கொண்டே என் மாமியார் தன் சேலைக் கொசுவத்தை இறக்கிக் காட்டினார். தொப்புளுக்குக் கீழே பிறை மாதிரி ஒரு பழைய தழும்பு. நான் பாயில் மல்லாந்து கிடந்தேன். என் வயிற்றிலும் அதே இடத்தில் அதே பிறை, தையல்கூடக் காயவில்லை. பக்கத்து வீட்டு அக்கா குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அச்சா அப்படியே இருக்கே மாமி!” என்றாள்.

அந்த இடத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசி. இலங்கையில் கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிப் பல வருஷம், பிள்ளை இல்லை. லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில், யார் வீட்டிலாவது குழந்தைக்குப் பேர் வைத்துத் தொட்டில் கட்டினால் என்னையும் கூப்பிடுவார்கள். ஆனால் வாசலிலேயே மறித்து, “நீ நல்லா சாம்பார் வைப்ப புள்ள, அடுப்படியப் பாத்துக்க” என்று பின்பக்கமாக அனுப்பிவிடுவார்கள். என் சாம்பார் அப்படியொன்றும் நல்லாயிருக்காது. தொட்டில் இருக்கும் அறைக்குள் நான் வராமலிருந்தால் போதும், சாம்பார் எப்படி இருந்தாலும் குடிப்பார்கள்.

மாமியார் மறைத்துப் பேசத் தெரியாதவர். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே என் முகத்துக்கு நேராகச் சொல்வார்: “தை வரைக்கும் பாப்பேன். இல்லாட்டி ஓப்பநாயக்கவுல எந்தம்பி மக இருக்கா. ஒன்ன அம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு அவளக் கூட்டியாந்துருவேன். கோவிச்சுக்காத.” கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்வதில் மட்டும் அவர் தவறியதே இல்லை.

தோட்டத்து மருத்துவிச்சியம்மாதான் வழி காட்டினார். டவுன் கிளினிக்குக்குப் போனோம், அங்கிருந்து கண்டிப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்கள். தொப்புளுக்குக் கீழே சின்னதாக வெட்டி, பேனா மாதிரி ஒரு குழாயை விட்டு, அதிலிருக்கும் கெமராவால் கர்ப்பப்பையைப் பார்ப்பார்களாம். சேதி லயத்துக்குத் தெரிந்த அன்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் ஒரே சிரிப்பு.

“வயித்துக்குள்ள போட்டோ புடிக்கிறாங்களாம். பவுடர் போட்டுட்டுப் போடி!”

“ஆமா, உள்ள யாரும் இல்லன்னு எங்களுக்கே தெரியும். அதுக்கு எதுக்குக் கெமரா?”

நானும் சேர்ந்து சிரித்தேன். அங்கே சிரிக்காவிட்டால் அழவேண்டியிருக்கும், அழுதால் இன்னும் கொஞ்சம் சொல்வார்கள்.

என்னோடு வந்தது என் வீட்டுக்காரர். அவருக்கு டவுனில் இரும்புச் சாமான் கடையில் வேலை. காலையிலிருந்து இருட்டும் வரை சிங்களத்திலேயே விலை பேசுகிறவர். கோபம் வந்தாலும் சிங்களம்தான், தூக்கத்தில் உளறினாலும் சிங்களம்தான்.

மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. தோள்பட்டையில் யாரோ ஏறி மிதித்த மாதிரி வலி. உள்ளே பார்க்க வசதியாகக் காற்று அடிப்பார்களாம். மிச்சக் காற்றுதான் தோளைக் குத்துகிறது, இரண்டொரு நாளில் போய்விடும் என்று தாதி சொன்னாள். பார்வை நேரத்தில் டொக்டர் கட்டிலருகே வந்தார். என் வீட்டுக்காரரும் நின்றார். டொக்டர் சிங்களத்தில், எனக்கே விளங்கும்படி நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: கர்ப்பப்பை நன்றாக இருக்கிறது. நீல மருந்து விட்டுப் பார்த்தோம், இரண்டு குழாயிலும் தடையில்லாமல் போகிறது. நோனாவிடம் ஒரு குறையும் இல்லை, ஒக்கோம ஹொந்தாய். இனி மாத்தையாவைத்தான் சோதிக்க வேண்டும், அடுத்த கிளினிக்குக்கு வாருங்கள்.

“ஹரி, டொக்டர்” என்று சிங்களத்திலேயே சரி சொன்னார் என் வீட்டுக்காரர்.

பஸ்ஸில் அவர் கச்சான் கடலை வாங்கித் தின்றுகொண்டு ஜன்னல் பக்கமே பார்த்து வந்தார். நான் மனதுக்குள் ஒக்கோம ஹொந்தாய், ஒக்கோம ஹொந்தாய் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மாவனல்லை தாண்டியது தெரியவில்லை, தோள்வலியும் தெரியவில்லை. என்னைப் பார்த்து ‘எல்லாம் நல்லாயிருக்கு’ என்று அதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

லயத்து முற்றத்தில் கால் வைத்ததுமே பக்கத்து வீட்டு அக்கா என் வயிற்றைப் பார்த்துவிட்டாள். “போறப்ப வெறும் வயிறு, வாறப்ப அஞ்சு மாசம்! கெட்டிக்கார டொக்டர்தான்!”

மாமியார் அதற்கெல்லாம் சிரிக்கவில்லை. பாய் போட்டுப் படுக்கவைத்து, வெந்நீர் வைத்து, காயத்தைத் துடைக்க பிளாஸ்டரைப் பிரித்தார். பிரித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

எங்கள் லயத்தில் அந்த வெட்டுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். ஒரு காலத்தில் பிள்ளை பெற்ற பெண்களைத் தோட்ட லொறியில் ஏற்றிக்கொண்டுபோய், இனிப் பிள்ளை வேண்டாம் என்று குழாயைக் கட்டி அனுப்புவார்கள். என் மாமியாரும் அந்த லொறியில் போனவர். இருபது வீட்டுப் பெண்களின் வயிற்றிலும் அந்தப் பிறை இருந்தது. அதை வேறு எதற்காகவும் யாரும் போட்டுக்கொண்டதில்லை.

“புள்ள பெத்துக்க மனசில்லாம, எம் மகனுக்குத் தெரியாமக் கட்டிக்கிட்டு வந்திருக்கா!”

“கட்டல மாமி. அது கெமரா விட்ட வெட்டு” என்றேன். அதற்குத்தான் அவர் கொசுவத்தை இறக்கிக் காட்டினார்.

“டொக்டர் எனக்கு ஒரு குறையும் இல்லன்னாரு மாமி. இனி அவரத்தான் பாக்கணும்னாரு. பக்கத்துலதான நின்னாரு, உங்க மகனையே கேளுங்க.”

அவர் கதவோரம் நின்று சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“டொக்டர் என்னடா சொன்னாரு?”

“கடகடன்னு சிங்களத்துல சொன்னாரும்மா. எனக்கு ஒன்னும் வெளங்கல.”

பக்கத்து வீட்டு அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியார் மட்டும் மகனை வெகுநேரம் பார்த்தார். அவன் சிங்களம் எப்படியென்று பெற்றவளுக்குத் தெரியாதா? பார்த்தவரின் கண்தான் தரைக்கு இறங்கியது.

பிறகு அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து காயத்தை வலிக்காமல் துடைத்தார். புதுப் பஞ்சு வைத்து, பிளாஸ்டரை ஒட்டி, ஓரங்களைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டார். எழுந்து, கொடியில் கிடந்த என் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, முனைக்கு முனை சேர்த்து மடித்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பையிலேயே வைத்தார். பை நிறைந்துபோய் ஸிப் சிக்கியது. “கோவிச்சுக்காத” என்று என்னிடம் சொல்லிவிட்டு, மகனைக் கூப்பிட்டு அதை இழுத்து மூடச் சொன்னார்.