டாக்டரம்மாவின் மூன்று ‘திங்க்’

இன்று காரிமங்கலம் சந்தையில் என்னைத் தேடியவர்களுக்கு: மகளுக்கு மலேரியாக் காய்ச்சல். தர்மபுரி ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

நார்வே தேசத்து டாக்டரம்மா அவளைப் பார்த்துவிட்டு, “ஐ திங்க் ஷி வில் பி ஆல்ரைட்” என்றார்.

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரம் வரை இங்கிலீஷ் படித்த திமிர் எனக்கு. “திங்க் என்றால் நிச்சயமா, மேடம்?” என்று இங்கிலீஷிலேயே கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். “இங்கிலீஷில் எல்லாவற்றுக்கும் ஒரே திங்க். எங்கள் பாஷையில் கண்ணால் பார்த்துச் சொன்னால் ‘சீனெஸ்’. நம்பிச் சொன்னால் ‘த்ரூர்’. ஒருவரையே மனதில் வைத்திருந்தால் ‘தெங்கர்’.”

என் இங்கிலீஷ் பறந்துவிட்டது. “எம் மகளுக்கு எதுங்க டாக்டரம்மா?”

அவர் சிரிப்பு நின்றது. “இன்றைக்கு முகம் தெளிந்திருக்கிறது, அது சீனெஸ். பிழைத்துக்கொள்வாள் என்பது த்ரூர்.” அவள் போர்வையைச் சரிசெய்தபடி, “ராத்திரியெல்லாம் தெங்கர்” என்றார்.

கைக்குழந்தையோடு வெளியே நின்ற மனைவி ஓடி வந்தாள். “என்னங்க சொன்னாங்க?”

“பொழச்சுக்குவான்னு கண்ணால பாத்தே சொல்லிட்டாங்க புள்ள.”

மூன்று வார்த்தை கற்றுக்கொண்டு, வேண்டுமென்றே ஒன்றை இடம் மாற்றிப் போட்டேன். நீங்களாயிருந்தால் எதைச் சொல்லியிருப்பீர்கள்?