இருவருக்கும் பூச்சி மருந்து

கல்யாணமாகி மூன்று வருடம் கழிந்தும் எனக்குப் பிள்ளை உண்டாகவில்லை. குற்றவாளி யார் என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடே இல்லை. மாமியார் தண்டனையையும் உடனே அறிவித்துவிட்டார்: செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கார்த்திகை எல்லாம் விரதம். மற்ற நாட்களில் பப்பாசி ஆகாது, அன்னாசி ஆகாது, முட்டை சூடு, கீரை குளிர்ச்சி. பிள்ளையைச் சுமக்கத் தயாராக வேண்டிய உடம்புக்குக் காற்று மட்டும் தாராளமாகக் கிடைத்தது.

கண்டி முனிசிபல் கந்தோரில் கிளாக்கராக இருந்த என் கணவர் இந்த ஏற்பாட்டை முழுமனதோடு ஆதரித்தார். சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டே, "அம்மா சொல்றபடி ஒடம்பப் பாத்துக்க" என்பார். அவருடையது பார்க்கத் தேவையில்லாத உடம்பு. சனிக்கிழமைதோறும் சாராயம்; கலகெதரைப் பக்கம் போனபோது பிடித்து, மாதம் தவறாமல் திரும்பி வரும் குளிர்காய்ச்சல்; மற்றபடி ஒரு குறையும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் பிள்ளைவரம் கேட்டுச் சுற்றிவந்தபோது மயங்கி விழுந்தேன். "சாமி வந்திருச்சு!" என்று மாமியார் பூரித்துப்போனார். சாமி ஒன்றும் பேசாததால், மறுநாள் என்னை ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனார்.

யாழ்ப்பாணத்து அம்மா அவர். என் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"பிள்ளை, ரத்தமே இல்லையே. என்ன சாப்பிடுறனீர்?"

விரதங்களை வரிசையாகச் சொன்னேன்.

"சாப்பிடாத நாளை நான் கேக்கேல்லை."

சோதித்ததில், வெறுங்கால் வழியே ஏறி ரத்தத்தைக் குடிக்கும் கொழுக்கிப்புழுவும் வயிற்றில் இருந்தது. பூச்சி மருந்து, இரும்பு மருந்து, ஈரல், முட்டை, கீரை, கக்கூசுக்குப் போகச் செருப்பு என்று எழுதித் தந்தார். "ஆறு மாசம் உடம்பைத் தேத்தும். பிள்ளை அவசரப்படேல்லை, நீங்கள்தான் அவசரப்படுறியள். அடுத்தமுறை மனுசனையும் கூட்டிக்கொண்டு வாரும்."

"என்னையா? நானா பெத்துக்கப் போறேன்?" என்றார் கணவர். டாக்டர் முன்னால் கதிரை நுனியில் உட்கார்ந்தும் அதையே கேட்டார்.

"இல்லை. ஆனா பிள்ளை அவவிட்ட மட்டும் இருந்து வாறதில்லை. குளிர்காய்ச்சலுக்குக் கொயினா மருந்தை ஒழுங்காக் குடியும். சாராயத்தையும் சுருட்டையும் விடும். பூச்சி இருக்கோ எண்டும் பாப்பம்."

இருந்தது. என்னைவிட அதிகமாகவே இருந்தது.

மருந்துக்கு முதல்நாள் இரவு பட்டினி. அவர் ஆயுளில் அதுதான் முதல் விரதம். மறுநாள் பேதி உப்பும் சேர்ந்து வேலை செய்ய, கட்டிலுக்கும் கக்கூசுக்கும் நடுவில் நின்று, "நான் போயிட்டா அம்மாவப் பாத்துக்க" என்று கண்கலங்கினார். நான் செருப்பை எடுத்துக் கொடுத்தேன்.

நாலாவது மாதம், எங்கள் வீட்டுப் படிகளை மூச்சு வாங்காமல் ஏறி முடித்தேன். மேலே நின்று சற்று அழுதேன். அத்தனை நாளும் நான் நோயாளி என்றே எனக்குத் தெரியாது. பெண்ணாய்ப் பிறந்தால் இப்படித்தான் களைக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஆறு மாதம் முடிந்து டாக்டரம்மா சரி என்று சொன்னதிலிருந்து இரண்டாம் மாதம் உண்டானேன். பெண் குழந்தை. மாமியார் பிள்ளையாருக்கு நன்றி சொன்னார். கணவர் தமக்கே சொல்லிக்கொண்டார். கந்தோரில் பிள்ளையில்லாத கிளாக்கர்மாருக்கெல்லாம் உபதேசம் தொடங்கினார். ஒருவர் மனைவியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். முன்னறையில் இவர் தம் தியாகத்தை விவரித்து முடிப்பதற்குள், அந்தப் பெண்ணை அடுக்களைக்குக் கூப்பிட்டு, டாக்டரம்மாவிடம் எப்படிப் போவது என்று சொல்லிக் கொடுத்தேன்.