கோழிக்கூட்டுக்கு அனுமதி கேட்டவள்

அந்த ஊரில் யாரும் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. மாட்டுக்கொட்டம் போடுகிறவர்கள் நல்ல நாள் பார்ப்பார்கள், கம்பு ஊன்றுவார்கள், கூரை வேய்வார்கள், அவ்வளவுதான். சௌந்தரம் வேறு மாதிரி. பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் ஒரு கொத்து ஒடிப்பதென்றாலும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் ஒடிப்பாள். செடிக்குச் சொந்தக்காரியான மூக்கம்மாள் அதற்காகவே அவளைக் கேலி செய்வாள்.

வீடு சௌந்தரத்தின் அப்பா கட்டியது. ஒரே மகள் என்பதால் அவள் பேருக்கே வந்தது. புருஷன் இருளப்பசாமி காரியாபட்டிப் பக்கத்திலிருந்து வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன். உழவில் கெட்டிக்காரன், குடியும் கிடையாது. ஆனால் ஊர்க்கூட்டத்தில் அவன் வாய் திறந்து ஒருவரும் பார்த்ததில்லை. தலையில் நரை விழுந்த பிறகும் ஊருக்கு அவன் 'மாப்ள'தான்.

தொண்ணூற்றிரண்டில் மழை ஏமாற்றியது. பருத்தி காய் பிடிக்காமல் கருகி நின்றது. ஆம்பளைகள் கரிமூட்டத்துக்குக் கருவேல மரம் வெட்டப் போனார்கள். சௌந்தரம் கோழிகளை நம்பினாள். அவள் அடை வைத்த முட்டை கூமுட்டையாவது அபூர்வம். சிக்கல் கீரியால் வந்தது. கருவேலங்குச்சியால் கட்டிய கூட்டுக்குள் புகுந்து, தின்றது ஒன்றிரண்டு என்றால் கடித்துப் போட்டது மீதி அத்தனையும். அன்றைக்குக் காலையில் கூட்டைத் திறந்தவள், இறகும் ரத்தமுமாகக் கிடந்ததைக் கூட்டி அள்ளிவிட்டு, செங்கல் வைத்துக் கம்பிவலை அடித்துக் கூடு கட்டுவது என்று முடிவு செய்தாள்.

கடிபட்டும் உயிர் தப்பிய ஒரு கோழியை ஓலைக்கொட்டானில் வைத்துத் திருச்சுழிக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனாள். புதுக் கூடு கட்டப்போவதை அவள் சொல்ல, அவர் காயத்துக்கு மருந்து தடவிக்கொண்டே, நல்ல சாதிக் குஞ்சுகள் கொடுக்கும் திட்டம் ஒன்று வந்திருப்பதாகச் சொன்னார்.

"ஆனா ஊருக்குள்ள, வீட்டை ஒட்டிக் கட்டுறீங்க. பஞ்சாயத்து அனுமதி இருந்தாத்தாம்மா குஞ்சு தர முடியும்."

இருளப்பசாமிக்கு இது வேண்டாத வேலையாகப் பட்டது. "கோழி அடைக்கிறதுக்கெல்லாமா கவர்மெண்டக் கேப்பாக? சும்மா கட்டு புள்ள."

"கேட்டுக் கட்டுனா நாளைக்கு ஒருத்தன் வந்து கேள்வி கேக்க முடியாதுல்ல" என்றாள் சௌந்தரம்.

அப்போது பஞ்சாயத்துக்குத் தலைவர் கிடையாது. தேர்தல் நடக்காததால் எல்லாம் யூனியன் ஆபீஸ் அதிகாரி கையில் இருந்தது. அவள் பஸ் ஏறிப் போய் நின்றபோது கிளார்க், "கோழிக்கூட்டுக்கா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுப் பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் விதிகளைப் படித்துச் சொன்னார். அடுத்த வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். குடிதண்ணீர்க் கிணற்றுக்குப் பக்கத்தில் கூடாது. கழிவு தெருவுக்கு வரக்கூடாது. பக்கத்து வீட்டாரின் சம்மதம் வேண்டும். இடம் தன்னுடையதுதான் என்று அளந்து காட்ட வேண்டும்.

ஒவ்வொன்றாக முடித்தாள். மூக்கம்மாள் ஒரு தடையும் சொல்லாமல் கட்டைவிரலை நீட்டினாள். "சேவல் கூவுனா எனக்குந்தான விடியும். எங்க வைக்கணும் ரேகைய?"

சர்வேயர் வருகிற நாளில் சௌந்தரம் கொல்லையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, கூடு வரப்போகிற இடத்தில் நான்கு முளைக்குச்சி அடித்து வைத்திருந்தாள். அவர் ஓடைக்கரையில் எல்லைக்கல்லைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து அளவுச் சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்தார். கூட்டுக்கான இடம் ஓடையை விட்டு விலகி இருந்ததால் அதில் ஒரு குறையும் இல்லை. அவள் மனசு குளிர்ந்து மோர் எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது சங்கிலி அவள் அடுப்படிச் சுவரில் முட்டிக்கொண்டு கிடந்தது.

"அடுப்படி முழுக்க, பின்னறையில ஒரு மூலையும் ஓடைப் புறம்போக்குல இருக்கும்மா."

"எங்க அய்யா கட்டுனது சார். அந்த ஓடையில தண்ணி வந்தே வருசக்கணக்காச்சு."

"தண்ணி வருதா வரலையாங்கிறது எங்க வேலை இல்லம்மா."

மோரைக் குடித்துவிட்டு அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. சங்கிலி மூக்கம்மாளின் மாட்டுக்கொட்டத்துக்குப் போனது, அடுத்த வீட்டுக்குப் போனது, தெருக்கோடியில் வெள்ளத்துரையின் வைக்கோல் கொட்டகை வரைக்கும் போனது. வெள்ளத்துரை நிலபுலன் உள்ளவர், ஊருக்கு முன்னால் நிற்கிற ஆள், சௌந்தரத்துக்குச் சித்தப்பா முறை. ஓடையை ஒட்டிய அந்த வரிசையில் ஒரு வீடுகூடத் தப்பவில்லை. கொஞ்ச நாளில் எல்லா வீட்டுக்கும் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி நோட்டீஸ் வந்தது.

தெருவே சௌந்தரத்தின் வாசலில் கூடியது. ரேகை வைத்த மூக்கம்மாள்தான் முதலில் பேசினாள். "இப்பிடி வரும்னு ஒரு வார்த்த சொன்னியா நீ? அறியாதவ கைய வாங்கி மோசம் பண்ணிட்டியே."

"மதினி, எனக்கே தெரியாதே" என்றாள் சௌந்தரம். அது யார் காதிலும் ஏறவில்லை. கேட்காமல் கட்டியவர்கள் அத்தனை பேரும் கேட்டவளைச் சூழ்ந்து நின்றார்கள். அவள் புருஷனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, அவளுக்காக ஒரே ஒரு வார்த்தை பேசுவான் என்று நினைத்தாள்.

இருளப்பசாமி பேசினான். ஊர் நடுவில் அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன். எங்கிட்டக் கேட்டா செஞ்சா? வீடு அவ வீடு."

கூட்டம் அதை ஒத்துக்கொண்டது. 'மாப்ள பாவம்' என்று யாரோ சொன்னார்கள். சௌந்தரம் உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை.

வெள்ளத்துரை கட்சிக்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு அதிகாரிகளைப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் சௌந்தரத்தின் வீட்டுக்கு வந்து, நார்க்கட்டிலில் உட்கார்ந்து, ரொம்பத் தணிவாகப் பேசினார்.

"தாயி, மத்த வீட்டையெல்லாம் அப்பிடியே விட்டுர்றதா சொல்லிட்டாக. ஆனா அளந்தது அளந்ததுதான், ஒண்ணையாவது எடுத்ததாக் காட்டணுமாம். மனு ஒன் பேருல, ஃபைலும் ஒன் பேருலதான் நிக்குது. அடுப்படி மட்டுந்தான. ஊரே ஒனக்குக் கடமப்பட்டிருக்கும்."

"சித்தப்பா, ஒங்க கொட்டகைய எடுத்தா வைக்கோலுதான் நனையும். நான் சோறு எங்க பொங்குவேன்?"

வெள்ளத்துரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போனார். மாப்பிள்ளை தலையாட்டினான்.

இடிப்பதற்கு ஆபீஸிலிருந்து ஆள் வரவில்லை. ஓடு உடையாமல் எடுத்துத் தருகிறோம் என்று தெரு ஆம்பளைகளே வந்தார்கள். உதவி செய்கிற முகத்தோடு வந்தார்கள். இருளப்பசாமி கூரை மோட்டில் ஏறி உட்கார்ந்து ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே கொடுத்தான். நிதானமாக, ஒன்றைக்கூடக் கீறல் விடாமல் கொடுத்தான். சௌந்தரம் உலைப்பானையையும் அரிவாள்மனையையும் தூக்கிக்கொண்டு கொல்லையில் நின்றாள். புகை ஏறிக் கறுத்த சுவர் வெயிலில் தெரிந்தது. அதை மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சுவரைத் தள்ளியபோது பொடிமண் பறந்து மூக்கம்மாள் வீட்டு முற்றத்தில் படிந்தது. அதற்கும் மூக்கம்மாள் முணுமுணுத்தாள்.

பல மாதம் கழித்துக் கோழிக்கூட்டுக்கான அனுமதி தபாலில் வந்தது. ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டுவிட்டதால் மனு ஏற்கப்படுகிறதாம். அதற்குள் திட்டம் முடிந்து, குஞ்சுகள் வேறு ஊர்களுக்குப் போயிருந்தன. கொல்லையில் கூட்டுக்கென்று அளந்த அந்த ஓர் இடம்தான் சொந்தத்தில் மிச்சம். அங்கேயே பழைய ஓடுகளைப் போட்டு அடுப்படியை ஒதுக்கியிருந்தான் இருளப்பசாமி. ஆபீஸ் கணக்கில் சௌந்தரம் சோறு பொங்கியது கோழிக்கூட்டில். கோழிக்கு இடம் இல்லாமல் போனது. இருந்த ஒன்றிரண்டையும் சந்தைக்கு அனுப்பிவிட்டாள்.

மூக்கம்மாள் தன் மாட்டுக்கொட்டத்தில் பாதியைத் தடுத்துத் தகரம் அடித்துக் கோழி வளர்த்தாள். யாரையும் கேட்கவில்லை. அவள் கோழிகளின் முட்டை வீரசோழன் கடைகள் வரைக்கும் போனது. தேர்தல் வந்து வெள்ளத்துரை தலைவரானார். இருளப்பசாமியைத் தேர்தல் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். அவனும் இரண்டு கூட்டத்தில் பேசினான் என்று கேள்வி. வீட்டில் மட்டும் அவர்களுக்குள் பேச்சு குறைந்துபோனது. சண்டை கிடையாது. சோறு வைப்பாள், சாப்பிடுவான்.

தொண்ணூற்றேழில் ஓடைக்கரை வீடுகளுக்குப் பட்டா கொடுக்கிறார்கள் என்று தெருவே மனு எழுதியது. வைக்கோல் கொட்டகைக்கும் மனு போனது. சௌந்தரத்தின் வீட்டுப் பின்னறையிலும் ஒரு மூலை புறம்போக்கில்தான் இருந்தது. இருளப்பசாமி எழுதி வாங்கிவந்த தாளை அவள் முன்னால் நீட்டினான்.

"வீடு ஒம் பேருல இருக்கு. ஒரு கையெழுத்துப் போடு. தலைவரு பாத்துக்கிருவாக."

"நான் ஒருக்கா கேட்டாச்சு" என்றாள். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "இனி எதையும் எவங்கிட்டயும் கேக்க மாட்டேன்."

அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனான். அந்தத் தெருவில் பட்டா வராத வீடு அவளுடையது ஒன்றுதான்.