நைனா கடைப் பலகைகள்

என் நைனாவைக் கொன்றது யார் என்று இன்றுவரை தெரியாது. அதைக்கூட எப்படியோ விழுங்கிவிட்டேன். ஒன்பது மரப்பலகைகளை நம்பி என் மாமாவைக் கொலைகாரனாக்கினார்களே, அதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அறுபதுகளின் தொடக்கம். செஞ்சி கடைத்தெருவில் எங்களுக்கு மளிகைக் கடை. இப்போதுபோல இழுத்துவிடும் ஷட்டர் கிடையாது. மேலும் கீழும் பள்ளமாகக் காடி வெட்டிய சட்டத்தில் பலகைகளை ஒவ்வொன்றாக நிறுத்தித் தள்ளி, கடைசிப் பலகையில் பூட்டை மாட்ட வேண்டும். நைனாவுக்கு அதில் ஒரு கிறுக்கு. "வரிச மாறிச்சின்னா கடைசிப் பலக எறங்காது" என்பார். ஒருத்தரையும் தொட விடமாட்டார். கூடவே கடையில் நின்ற அம்மாவின் தம்பிக்கு, அதாவது என் மாமாவுக்கு மட்டும்தான் அனுமதி. பெரிய கஜானா பாருங்கள்!

ஒரு சந்தை நாள் மதியம் நைனா சாப்பிட வரவில்லை. முன்னாலேயே வந்து சாப்பிட்டு முடித்திருந்த மாமாவை அம்மா அனுப்பினாள். அவர் போய்விட்டு வந்து, "கடை சாத்தியிருக்குதுக்கா, ஆளக் காணோம்" என்றார். பொழுது சாயும்வரை பார்த்துவிட்டு அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் பூட்டை உடைத்து, கடைசிப் பலகையை மட்டும் எடுத்துவிட்டு உள்ளே நுழைந்தார்கள். வெல்ல மூட்டைக்குப் பக்கத்தில் நைனா கிடந்தார். எடைக்கல்லால் மண்டையில் அடித்திருந்தார்கள். ஒரு சாமானும் களவு போகவில்லை.

"வரிச தெரிஞ்சவன்தான் சாத்தியிருக்கான். சாப்பிடப் போறதுக்கு முன்னயே முடிச்சிட்டான்" என்றது கடைத்தெரு. போலீசும் அதையே பிடித்துக்கொண்டது. சந்தைக்கு வந்த அத்தனை சனத்தையும் விட்டுவிட்டு மாமாவை இழுத்துப்போய் நொறுக்கினார்கள். சாட்சி எதுவும் சிக்காததால் கடைசியில் விட்டுவிட்டார்கள். நாசமாய்ப் போனவர்கள்!

வீங்கிய காலோடு வந்தவருக்கு அம்மா சோறு போட்டாள். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார்.

"நெசத்தச் சொல்றா. நீயா?" என்றாள் அம்மா.

மாமா அவளையே பார்த்தார். சோற்றில் வைத்த கையை உதறிக்கொண்டு எழுந்து, தொண்டூரில் அவர்கள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். "வாயத் தொறக்காமப் போறான் பாரு" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். புருஷனும் போய், கூடப்பிறந்தவனும் போய், அவள் விடிய விடிய அழுதாள். அதற்குப் பிறகு அக்காளும் தம்பியும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை.

கடையை அவள் திறக்கவே விடவில்லை. ஆறேழு வருஷம் கழித்து, என் கல்யாணத்துக்காக விற்றோம். வாங்கியவரின் ஆட்கள் பலகைகளைக் கழற்றித் தெருவில் போட்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அவசரத்தில் கைக்கு வந்ததை வந்தபடி நிறுத்தித் தள்ளினார்கள். கடைசிப் பலகை டக்கென்று உட்கார்ந்தது.

சாவி கொடுக்க வந்து நின்ற அம்மா குடையைக் கீழே விட்டுவிட்டாள்.

"யப்பா, கழட்டிட்டு இன்னொரு தபா போடுங்க. மாத்திப் போடுங்க."

மாற்றிப் போட்டார்கள். அப்போதும் உட்கார்ந்தது. "பூட்டியே கெடந்த மரம்மா, காஞ்சி சுருங்கியிருக்கும்" என்றார் ஒருவர். அது அம்மாவின் காதில் ஏறவில்லை. ஈரப் புடவையோடு தொண்டூருக்கு பஸ் ஏறினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

மாமா கூடத்தில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், நேற்றுத்தான் பிரிந்தவரைப்போல, "வாக்கா, சாப்டியா?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்கு அழுகை முட்டியது. அம்மா வாசற்படியில் நின்றபடியே பலகைக் கதையைக் கொட்டித் தீர்த்தாள்.

"எந்த வரிசையில போட்டாலும் எறங்கும்க்கா. எனக்கு அப்பவே தெரியும். போட்டுக் காட்றேன்னு போலீஸ்ல சொன்னேன். அதுக்கும் சேத்து ஒதச்சாங்க."

"அடப்பாவி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாடா?"

மாமா உரித்த பருப்பை முறத்தில் போட்டார்.

"சொல்லியிருந்தா நீ பலகையத்தான் நம்பியிருப்ப. என்னைய இல்லக்கா."